கடலடியில் மூச்சு விடுதல்

போளூர்க் கோயில்களில் வைகறையில் முழங்கும் சங்கு எங்கிருந்து வந்தது என்று வினவினால், பூஜைச் சாமான் கடையிலிருந்து என்று விடை கிடைக்கும். அக்கடைக்கு எங்கிருந்து வந்தது என்று மேலும் ஒரு படி விசாரிப்போர் மிகச் சிலரே. அதில் வியப்பில்லை. கடற்கரையினின்றும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்நாட்டில், ஜவ்வாது மலைத்தொடருக்கு அண்மையில், பட்டுத் தறியையும் ஏரிப் பாசனத்தையும் நம்பி வாழும் ஊருக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் சென்று கால் நனைத்து வரும் காட்சியேயன்றி வேறன்று. ஆயினும் அச்சங்கு பெரும்பாலும் மன்னார் வளைகுடாவின் அடி மணலில் கிடந்ததாகவே இருக்கும். யாரோ ஒரு குளியாளி மூச்சை நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு இறங்கி, அதைக் கையால் தேடி எடுத்து வந்திருப்பான். வங்காளத்து மணமகள் அணியும் சங்கு வளைக்கும் இதே வரலாறுதான்.

இந்நாளில் கடலடிக்குச் செல்ல வேறொரு வழியும் ஏற்பட்டிருக்கிறது. அழுத்திய காற்று நிரம்பிய உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, அதிலிருந்து குழாய் வழியே சுவாசித்தபடி நீருக்குள் உலவும் ஸ்கூபா என்னும் வித்தையே அது. புதுச்சேரியிலும், அந்தமானிலும், இலட்சத்தீவிலும், கன்னட நாட்டு நெத்ராணித் தீவிலும் அதைக் கற்பிக்கிறார்கள். மூன்று நான்கு தினங்களில் ஆரம்பப் பயிற்சி முடிகிறது. முடித்தவர் 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு இறங்கலாம். நம் பக்கத்து இளைஞர்களும் இப்பொழுது போய்க் கற்று வருகிறார்கள். கையில் காசு மிகுந்தவர் விளையாட்டு என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். செலவு அதிகம் என்பது மெய்யே. ஆனால் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் அதுவன்று. இப்பயிற்சி எவருக்கு உயிர் காக்கும் அவசியமாக இருக்கிறதோ, அவர்களுள் பெரும்பாலோருக்கு அது எட்டாத பொருளாக இருக்கிறது என்பதே நம் கவலை.

கடலில் மூழ்குதல் தமிழ்நாட்டுக்குப் புதிய வித்தையன்று. கொற்கை முத்தைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மாலுமி ஒருவர் தமது பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூலில் எழுதி வைத்தார். தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுப்பித்தார்கள் என்பது அவர் தரும் செய்தி. அத்தொழிலின் அபாயத்தை அளந்து காட்ட இதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாகக் கூறுகிறார். அத்தகைய மந்திரக்காரருக்குக் கடற்கட்டி என்று பெயர். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குகிறவன் மனத்திலிருந்த அச்சத்தைக் கட்டியது என்பதில் ஐயமில்லை.

குளியாளியின் கருவிகளோ மிகச் சொற்பம். கீழே இழுத்துச் செல்ல ஒரு கல், மேலே தூக்க ஒரு கயிறு, சிப்பியைப் போட ஒரு வலைப்பை, படகிலிருந்து கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையான ஒரு கை, அவ்வளவே. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப்பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. அங்கே இறங்கிச் சிப்பியை வாரிக்கொண்டு மீள அவனுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நிமிடம், அல்லது அதற்குச் சற்று மேல். பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அது நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி வளம் திரும்பவில்லை. சங்கு குளித்தல் மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது. பாம்பன் பகுதியில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களும் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு இன்றும் மூச்சடக்கியே மூழ்குகிறார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்க நாட்டின் சீகாலஜி பரிசு கிடைத்தது. நம் பத்திரிகைகள் அச்செய்திக்கு இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம்.

ஸ்கூபாவின் பிறப்புக் கதை வேறு விதமானது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரான்ஸ் தேசத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக, எமில் கான்யான் என்ற எஞ்சினீயர் வாயுவைத் தேவைக்கேற்ப அளந்துவிடும் ஒரு வால்வை அமைத்தார். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ அவரை அணுகினார். 1943இல் இருவருமாக அந்த வால்வை நீருக்கடியில் மூச்சு விடும் கருவியாக மாற்றினார்கள். மனிதன் உறிஞ்சும்போது மட்டும், அவனைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்குச் சரியான அளவில், அது காற்றைத் தருகிறது. சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இக்கருவியைக் கற்பிக்கும் ஆசிரியர் எந்நாட்டவராயினும் முதல் நாள் முதல் வார்த்தையாகச் சொல்வது ஒன்றுதான்: மூச்சை அடக்காதே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் குளியாளி எதைத் தன் மகனுக்குக் கற்பித்தானோ அதற்கு நேர் மாறான பாடம் இது. காரணம் எளிது. நீரில் 10 மீட்டர் இறங்கினால் உடலின்மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு. தரையில் மூச்சை இழுத்துக்கொண்டு குதிப்பவனின் நெஞ்சிலுள்ள காற்று, ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அதனால் தீங்கில்லை. கருவியின் மூலம் 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறையச் சுவாசித்தவனோ, அந்த மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினால், நீர்மட்டத்தை அடைவதற்குள் அக்காற்று இரு மடங்காக விரியவேண்டும். விரிய இடம் ஏது? நுரையீரல் கிழிகிறது. ஆகவே முன்னோர் கலையில் தேர்ந்தவனே புதிய கருவியைக் கையாளும்போது மிகுந்த அபாயத்துக்கு உள்ளாகிறான். ஆபத்து நேர்ந்தவுடன் அவன் உடல் தானாகச் செய்யும் காரியம், மூச்சை இறுக்கிக்கொண்டு மேலே பாய்வது. அப்பழக்கத்தை மறக்கச் செய்வதே பயிற்சியின் பெரும்பகுதி. போளூர்க் கிணறுகளில் குதித்து, அடிச்சேற்றை ஒரு பிடி அள்ளி வந்து காட்டிய பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது அபாயம் இன்னும் நுட்பமானது. அழுத்திய காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரைப்பதுபோல் அது உடலுக்குள்ளேயே குமிழியிடும். மூட்டு வலியில் தொடங்கி, கால் விளங்காமற் போவதும், மரணமும் நேரலாம். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, எத்தனை நேரம் எந்த ஆழத்திலிருந்தால் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறு, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கு என்று இன்று மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அந்த ஆராய்ச்சி வழிவந்ததே.

இவ்வளவையும் கற்று இறங்குகிறவன் காண்பது என்ன? தறிக்காரர்களுக்குச் சுவையான ஒரு செய்தியை முதலிற் சொல்வோம். நீர் வெளிச்சத்தின் நிறங்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதலில் விழுங்குவது சிவப்பு. அரக்குச் சிவப்பில் கரை வைத்த பட்டுப்புடவையை 10 மீட்டர் ஆழத்தில் விரித்தால், கரை ஏறக்குறையக் கறுப்பாகத் தோன்றும். மஞ்சள் இன்னும் சற்று ஆழம் தாங்கும். நீலம் நெடுந்தூரம் செல்லும். கையிலுள்ள விளக்கை அருகே காட்டினால் இழந்த சிவப்பு அக்கணமே உயிர் பெற்று எழும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஒலி காற்றிலிருப்பதைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைந்து வருவதால், படகின் சத்தம் எத்திசையினின்று வருகிறதென்று காது சொல்லாது.

அப்புறம் பவளப்பாறைகள். மன்னார் வளைகுடாவில் 117 வகைப் பவள உயிர்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஊசிமுனையளவு உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, சுண்ணாம்பைச் சுரந்து எழுப்பிய நகரங்கள் அவை. அருகே கடற்புல் வெளிகள். அவற்றை மேய்வது ஆவுளியா என்னும் கடற்பசு. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடந்த 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஒன்றை அரசாங்கத்தார் அமைத்தனர்.

இக்கடலடியை விஞ்ஞான முறையில் நமக்குக் காட்டிக் கொடுத்ததும் இதே கருவிதான். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1960களில் தாமே ஸ்கூபா அணிந்து இறங்கி, முத்துப்பார்களை நேரிற் கண்டு வரிசையாகக் கட்டுரைகள் எழுதினர். நகரத்து அறையில் அமர்ந்து, பிறர் கொணர்ந்த சிப்பியைப் புரட்டிப் பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்குப் பின் வந்தோர் கண்டவற்றில் துயரமும் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறைகளை வெட்டியெடுத்த நெடுநாட் கொள்ளையால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் ஆழ்ந்தன. 2010இலும் 2016இலும் கடல்நீர் மிகச் சூடேறி, பவளங்கள் தம்முள் வாழும் பாசியை இழந்து வெளிறின, பல மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டங்களிற் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். நாற்று நடுவது போன்ற வேலைதான். வயல் மட்டும் நீருக்கடியில்.

இனி நம் கவலைக்கு வருவோம். சங்கு குளிப்போர் மூச்சடக்கும் பழைய முறையோடு நிற்கவில்லை. படகில் காற்றழுத்தப் பொறி ஒன்றை வைத்து, நீண்ட ரப்பர்க் குழாய் வழியே சுவாசித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆழ அளவி இல்லை. நேரக் கணக்கு இல்லை. ஹால்டேன் அட்டவணையை அவர்களுக்கு எவரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. பொறியின் புகை காற்றோடு கலந்தால் அதுவே விஷம். மாலையில் கால் மரத்துப்போனால் குளிர் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துப் படுக்கிறான் குளியாளி. அது மருத்துவர் உடனே கவனிக்க வேண்டிய நோய் என்று அவன் அறியான். ஹோண்டுராஸ் நாட்டில் சிங்கிறால் பிடிக்க மூழ்கிய மிஸ்கிட்டோ இனத்தவர் இவ்வண்ணமே முடமாயினர். அவர்களுள் 42 பேர் சார்பில் தொடுத்த வழக்கில், பயிற்சியும் பாதுகாப்பும் அளிக்கப்படுகின்றனவா என்று மேற்பார்க்கத் தவறிய பொறுப்பு அந்நாட்டு அரசாங்கத்தையே சாரும் என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. நம் குளியாளர் நீதிமன்றம் ஏறும் வரை காத்திருக்க வேண்டுமா?

தொழிலையே தடுத்துவிடுக என்று சொல்வது எளிது. தடை இரவிலும் தொலைவிலும் போய் மூழ்கச் செய்யுமேயன்றி, வயிற்றை நிரப்பாது. அன்றியும், எந்த மணலில் என்ன கிடக்கும், எந்தக் காற்றுக்கு நீர் தெளியும், எந்தப் பாறை சென்ற ஆண்டு உயிரோடிருந்து இவ்வாண்டு செத்துவிட்டது என்பதைக் குளியாளரைப்போல் நாள்தோறும் கண்டறிந்தவர் வேறு யார்? சுற்றுலாப் பயணிக்கு ஸ்கூபா கற்பிக்கும் பள்ளியில் ஆசிரியராகவும், பவளத்தைக் கணக்கெடுக்கும் குழுவில் சம்பளம் பெறும் உறுப்பினராகவும் இருக்கத் தகுதி படைத்தவர்கள் அவர்களே.

ஆதலின் மீன்வளத் துறையார் செய்ய வேண்டுவன பெருஞ்செலவுக்குரியவை அல்ல. தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் குளியாளர் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஸ்கூபாப் பயிற்சி நடத்தலாம். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்க வேண்டிய விதியில்லை. படகுப் பொறிகளுக்குப் புகை கலவாத காற்று வடிகட்டியை மானியத்தில் கொடுக்கலாம். ஏறும் நேரத்தைக் குறித்த அட்டவணையை எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி படமாக வரைந்து ஒவ்வொரு படகிலும் ஒட்டலாம். நோயுற்றவரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்தி மெல்ல மெல்லத் தளர்த்திக் குணப்படுத்தும் அறை, தூத்துக்குடிக் கரைக்கு அருகிலேயே, இரவிலும் திறந்திருக்க வேண்டும். குளியாளரிடம் கட்டணம் கேட்கலாகாது. அடுத்த சங்குப் பருவத்துக்கு முன் இவற்றுள் வரைபட அட்டவணை ஒன்றையேனும் அச்சிட்டு விநியோகிப்பதற்குத் தடையாக நிற்பது யாதென்று அத்துறையார் தெரிவிப்பார்களாக.