மலையிறங்கிய வெப்பமானி

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்ப்பவரிடம் "அளவைத் திருத்தினீர்களா?" என்று கேட்டால் கோபப்பட மாட்டார். திருத்தாவிட்டால்தான் இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டுவார். மைக்ரோமீட்டரை முழுதாக மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையா, அந்தப் பிழையைக் கழித்துத்தான் எழுத வேண்டும். பொறியியலில் நீளம் என்றாலே 20 டிகிரி செல்சியஸில் உள்ள நீளம். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு 35 டிகிரியில் சுமார் 17 மைக்ரான் நீண்டிருக்கும். அதையும் கழித்தாக வேண்டும்.

இதே வேலையை வானிலை ஆய்வாளர் வெப்ப அளவுகளில் செய்தால், 'கணக்கைச் சமைக்கிறார்கள்' என்ற குரல் எழுகிறது. நிலக்கரியைக் குறைப்பது பற்றிய பேச்சு வந்தால் அது இன்னும் உரக்கக் கேட்கிறது.

ஓசூரில் இருக்கும் வெப்பமானியைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். சூளகிரி வழியாக ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரம்; கிருஷ்ணகிரி அதைவிட ஏறத்தாழ 350 மீட்டர் தாழ்வு. கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி என்ற கணக்கில், அளவு இரண்டு டிகிரிக்கு மேல் எகிறிவிடும். பூமி சூடாகவில்லை, வெப்பமானி மலையிறங்கியிருக்கிறது. இதைத் திருத்தாமல் விடுவதுதான் பொய்.

கடலின் கதை இன்னும் சுவையானது. அந்தக் காலக் கப்பல்களில் கித்தான் வாளியில் கடல்நீரை மொண்டு வெப்பம் பார்த்தார்கள். மண்பானைத் தண்ணீர் போல வாளி நீரும் ஆவியாகிக் குளிர்ந்தது. பின்னால் என்ஜினுக்கு இழுக்கும் நீரில் அளந்தார்கள். அதில் சற்றுச் சூடு கூடுதல். எனவே பழைய கடல் அளவுகளை ஆய்வாளர்கள் மேலே ஏற்றினார்கள். பழையது ஏறினால் இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். நிலத்தில் திருத்தம் வெப்பமேற்றத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, உண்மைதான். ஆனால் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்திய கணக்கு திருத்தாததைவிடக் குறைவான வெப்பமேற்றத்தையே காட்டுகிறது. சமையல் என்றால் விசித்திரமான சமையல்!

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது, நாடே அலறியது. சோதித்துப் பார்த்த வானிலை ஆய்வுத் துறை, உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாக அறிவித்தது.

சந்தேகப்படுவது தவறில்லை. கலிபோர்னிய இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லரும் சந்தேகப்பட்டார். குழு அமைத்து வெப்பநிலைப் பதிவுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டார். பூமி சூடாவது உண்மை, காரணம் மனிதர்கள் என்று 2012-இல் அவரே எழுதினார்.

அமெரிக்காவின் நோவா அமைப்பு, உலக நிலையங்களின் மாதாந்தர வெப்பநிலையைத் திருத்தாமல் ஒரு கோப்பாகவும் திருத்தி இன்னொரு கோப்பாகவும் இணையத்தில் வைத்திருக்கிறது. இரண்டும் இலவசம். இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.