உங்களுக்குத் தெரியுமா? பாதி ஆட்டத்துக்கும் ஒரு சந்தை!

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கு 20 நிமிடங்கள் வீதம் இரண்டு பாதிகள். முதல் பாதியில் யார் முந்துவார்கள் என்பதை மட்டும் வைத்தே அங்குள்ள கணிப்புச் சந்தைகளில் பணம் புரள்கிறது.

‘இடைவேளையில் இந்த அணி முன்னிலையில் இருக்கும்’ என்ற ஒப்பந்தம் 60 சென்ட்டுக்கு விற்றால், அதற்குச் சுமார் 60 சதவீத வாய்ப்பு உண்டு என்று சந்தை நினைக்கிறது. நடந்தால் 1 டாலர் கிடைக்கும். நடக்காவிட்டால் போட்ட பணம் போனதுதான்.

முழு ஆட்டம் சமனில் முடியாது. வெற்றி தோல்வி தெரியும்வரை 5 நிமிடக் கூடுதல் நேரம் தருவார்கள். இடைவேளைக்கு அந்த ஏற்பாடு இல்லை என்பதால், முதல் பாதிக்குச் ‘சமன்’ என்பதும் ஒரு முடிவு. நேரமும் குறைவு, பலமான அணி தன் திறமையைக் காட்டுவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் அதன் முதல் பாதி விலை, முழு ஆட்ட விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

கவலை தருவது வேறொன்று: பணத்துக்காக வீரர்கள் ஆட்டத்தை வளைக்கும் ஆபத்து. 1950இல் இரு பெரும் தேசியப் போட்டிகளையும் வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரியின் வீரர்கள், சூதாடிகளிடம் பணம் வாங்கிப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்ததாக 1951இல் கைதானார்கள். முதல் பாதியில் மட்டும் தளர்ந்து ஆடிவிட்டு, அடுத்த பாதியில் வென்றுவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? படிக்கும் வயதுப் பிள்ளைகளின் பாதி ஆட்டத்தைப் கணிப்புச் சந்தைக்குக் கொண்டுபோவது தவறு.