உக்கிராணத்திலிருந்து சாமான் எடுப்பது எப்படி?

கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டு வேறு, உக்கிராணம் வேறு. அரிசி, பருப்பு, நெய், முந்திரி எல்லாம் உக்கிராணத்தில் பூட்டுக்குள் இருக்கும். மாஸ்டர் தானே உள்ளே போய் மூட்டையைப் பிரிப்பதில்லை. ஆள் அனுப்பிக் கேட்பார், உள்ளே இருப்பவர் அளந்து கொடுப்பார். டேட்டா தளம் ஒன்றை டேட்டாபேஸோடு இணைப்பதும் இதே ஏற்பாடுதான்.

ஒரு கடையின் ஆர்டர், பில், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஸ்பார்க் என்ற மென்பொருளில் ஓடும் தளம் ஒன்று அவற்றை எடுத்து விற்பனைக் கணக்குப் போட வேண்டும். இங்கே தளம்தான் சமையல்கட்டு, டேட்டாபேஸ்தான் உக்கிராணம். எந்த மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்பவர் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. என்ன வேண்டும் என்று எஸ்க்யூஎல்லில் சொன்னால் போதும், எடுக்கும் வழியை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும். ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ரிலேஷனல் முறையின் பெரிய கொடை இதுதான்.

கேட்கப் போகிற ஆள்தான் டிரைவர். ஸ்பார்க் ஜாவா உலகத்தைச் சேர்ந்தது என்பதால் ஜேடிபிசி டிரைவர் வேண்டும், அதுவும் போஸ்ட்கிரெஸுக்கு உரியது. அவர் கையில் கொடுக்கும் சீட்டில் சர்வரின் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸின் பெயர், யூசர், பாஸ்வேர்டு இருக்கும். போர்ட் என்பது எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்பது. போஸ்ட்கிரெஸுக்கு வழக்கமாக 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433.

இணைப்புக் கிடைக்காதபோது பலரும் முதலில் பாஸ்வேர்டைத்தான் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கிறார்கள். பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்றால் பெரும்பாலும் மண்டபத்து வாசலையே தாண்டவில்லை. நடுவில் ஒரு ஃபயர்வால் பதில் சொல்லாமல் நிறுத்திவைத்திருக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் ஆள் உக்கிராணம் வரை போய்விட்டார், ஆனால் அந்த ஜன்னலில் யாரும் இல்லை. புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் தன் சொந்த மெஷினிலிருந்து வரும் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கும்; ‘லிசன் அட்ரஸஸ்’ என்ற அமைப்பை மாற்றினால்தான் வெளியாட்களைக் கேட்கும். ‘நோ பிஜி எச்பிஏ என்ட்ரி’ என்று வந்தால் சந்தோஷப்படலாம், அது டேட்டாபேஸே சொன்ன பதில். எந்த முகவரியிலிருந்து, எந்தப் பெயரில் வருபவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் உள்ளே இருக்கிறது. அதில் இந்த ஆள் இல்லை. இந்த மூன்று இடத்திலும் பாஸ்வேர்டு சோதிக்கப்படவே இல்லை.

தன் லேப்டாப்பிலிருந்து இணைப்புக் கிடைக்கிறது, தளத்திலிருந்து கிடைக்கவில்லை என்று குழம்புகிறவர்களுக்கும் விடை இங்கேதான். தளத்தில் வேலை செய்வது கிளவுடில் உள்ள மெஷின்கள். ஃபயர்வாலிலும் பட்டியலிலும் ஏற வேண்டியது அவற்றின் ஐபி முகவரி.

பாஸ்வேர்டைப் பற்றி ஒன்று. போஸ்ட்கிரெஸ் 14 முதல் ஸ்க்ராம் என்ற முறைதான் இயல்பு. அதில் பாஸ்வேர்டு அப்படியே வயரில் போகாது. தெரியும் என்பதற்கான நிரூபணம் மட்டும் போகும். ‘அதென்டிகேஷன் டைப் 10’ ஆதரிக்கப்படவில்லை என்று பிழை வந்தால் டிரைவர் பழசு, புதியதாக மாற்றுங்கள். வழியில் யாரும் படிக்காமலிருக்க எஸ்எஸ்எல் வேண்டும். அதில் ‘ரிக்வயர்’ என்று மட்டும் வைத்தால் பேச்சு மறைக்கப்படும், ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்பதற்கு உறுதி இல்லை. ‘வெரிஃபை ஃபுல்’ வைத்தால் சான்றிதழும் பெயரும் சரிபார்க்கப்படும்.

அட்மின் கணக்கைத் தளத்துக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தளத்துக்கென்று தனி யூசர் உருவாக்கி, தேவையான டேபிள்களில் செலக்ட் உரிமை மட்டும் கொடுங்கள். ஸ்கீமாவுக்கு ‘யூசேஜ்’ உரிமை கொடுக்க மறந்தால் அந்த செலக்ட் உரிமை பயன்படாது. இன்றைக்கு எல்லா டேபிளுக்கும் கொடுத்த உரிமை நாளை உருவாகும் டேபிளைச் சேராது. அதற்கு டீஃபால்ட் உரிமைகளைத் தனியாக மாற்றிவைக்க வேண்டும்.

இணைப்புச் சோதனையில் பச்சை டிக் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். உக்கிராணத்துக்குச் சுமை ஏறுவது அதற்குப் பிறகுதான். அந்த டேட்டாபேஸ் நமக்காக மட்டும் திறந்திருக்கவில்லை; பில் போட நிற்கும் வாடிக்கையாளருக்கும் அதே நேரத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ராசஸ் ஒன்றை ஒதுக்குகிறது. இயல்பான உச்ச வரம்பு 100. அதை நாம் நிரப்பிவிட்டால் கடையின் பில் கவுன்டருக்கு ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

ஸ்பார்க்கிடம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரே ஆள் மொத்த டேபிளையும் சுமந்து வருவார். எண்கள் உள்ள நெடுவரிசை ஒன்றையும், கீழ் மேல் வரம்புகளையும், எத்தனை பங்கு என்பதையும் சொன்னால் வேலை பிரியும். பங்கு 8 என்றால் ஒரே நேரத்தில் 8 இணைப்புகள் வரை திறக்கும். ஆசைப்பட்டு 200 வைக்காதீர்கள். அந்த வரம்புகள் வடிகட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அவை பங்கு பிரிக்கும் அளவு மட்டுமே. வரம்புக்கு வெளியே உள்ள வரிகளும் முதல் பங்கிலோ கடைசிப் பங்கிலோ சேர்ந்து வந்துவிடும்.

எவ்வளவு தூக்கிவருவது என்பதும் முக்கியம். ‘ஃபெட்ச் சைஸ்’ வைக்காவிட்டால் போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி டிரைவர் விடை முழுவதையும் மெமரியில் இறக்கப் பார்க்கும். பெரிய டேபிளில் அது மூட்டையை மொத்தமாகத் தலையில் ஏற்றுவது போல, ஆள் சுருண்டு விழுவார். சில ஆயிரம் வரிகளாகக் கேட்டால் தூக்கு தூக்காக வந்து சேரும்.

தினமும் முழு டேபிளையும் அள்ளாமல், கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் கேட்பது நல்லது. மாறிய நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையில் இண்டெக்ஸ் இருந்தால் டேட்டாபேஸுக்கும் தேடும் சிரமம் குறையும். நீக்கப்பட்ட வரிகள் இந்த வழியில் தெரியாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

வசதி இருந்தால் மூல டேட்டாபேஸைத் தொடாமல் அதன் நகலான ரெப்ளிகாவிலிருந்து எடுங்கள். அங்கே ஒரு சிக்கலுக்கு மட்டும் தயாராக இருக்க வேண்டும்: மூலத்திலிருந்து வரும் மாற்றத்தோடு நம் நீண்ட கேள்வி மோதினால், இயல்பில் 30 விநாடி வரை பொறுத்துவிட்டு ரெப்ளிகா நம் கேள்வியை ரத்து செய்துவிடும். ஆகவே கேள்வியைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புங்கள், ரத்தான துண்டை மட்டும் மறுபடி கேட்கும்படி தளத்தில் எழுதிவையுங்கள்.