உஷார்! உங்கள் வைஃபை மேப்பில் ஏறுகிறது

கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர்களே, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் 'நம்ம ஏரியா வைஃபை மேப்' என்று ஒரு கே.எம்.எல். ஃபைல் (கூகுள் எர்த்தில் திறக்கும் மேப் ஃபைல்) வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதில் உங்கள் வீடும் இருக்கலாம்.

இதைத் தயாரிப்பது சுலபம். பைக்கில் போகிறவரின் சட்டைப் பையில் உள்ள போனில் 'விகிள்' ஆப் ஓடினால் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நந்திவரம் வரை, வழியில் உள்ள ரவுட்டர்களின் பெயர், மேக் முகவரி (ரவுட்டரின் அடையாள எண்), பாஸ்வேர்டு உண்டா இல்லையா, சிக்னல் பலம், நேரம், ஜி.பி.எஸ். இடம் எல்லாம் பதிவாகிவிடும். யாருடைய நெட்வொர்க்குக்குள்ளும் நுழையத் தேவையில்லை. சிக்னல் சர்வே எடுக்கும் இன்டர்நெட் ஆபரேட்டருக்கும் புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவருக்கும் இது தேவைப்படும் வேலைதான். அந்தப் பதிவை கூகுள் எர்த்துக்கு ஏற்றபடி மாற்றி, அப்படியே ஊருக்கெல்லாம் அனுப்புவதில்தான் வில்லங்கம்.

நம் ஆட்கள் வைஃபைக்கு வைக்கும் பெயரைப் பாருங்கள்: வீட்டுக்காரர் பெயர், கூடவே ஃபிளாட் நம்பர். கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையனே அப்படி வைத்துவிட்டுப் போவதும் உண்டு. மேப்பில் ஏறியதும் அது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை ஆகிவிடுகிறது. பாஸ்வேர்டு இல்லாத வீடுகள் எவை என்றும் அதே மேப் சொல்லும்.

அதனால் என்ன என்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடம் முன்பு வந்த மிரட்டல் மெயில், நவி மும்பை சான்பாடாவில் ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் போய் நின்றது அந்த வீட்டில்தான். 2009 தொடக்கத்தில் மும்பை போலீஸே தெருத்தெருவாகத் திறந்த வைஃபை தேடிக் கிளம்பியது. அவர்கள் தேடி அலைந்ததை நாமே மேப் போட்டுக் கொடுக்கலாமா?

வீடு மாறினாலும் தப்பிக்க முடியாது. தாம்பரத்திலிருந்து ரவுட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் மேக் முகவரி அதேதான். மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் இருப்பிடச் சேவையைக் கேட்டுக் கேட்டே உலகெங்கும் 200 கோடி ரவுட்டர்களின் இடத்தைத் திரட்டியதை 2024-ல் வெளியிட்டார்கள். ரவுட்டர் இடம் மாறினால் அதையும் பின்தொடர முடிந்தது.

சர்வே எடுக்கும் தம்பிகளுக்கும் சில வார்த்தை. உங்கள் பதிவின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசல், வெட்டிவிட்டு அனுப்புங்கள். பெயர், மேக் முகவரி பத்திகளை நீக்கினாலும் சிக்னல் மேப்புக்கு ஒரு குறையும் வராது. வைஃபை சிக்னலைப் பதிவுசெய்யும் 'கிஸ்மெட்' மென்பொருளின் மூல ஃபைலை யாருக்கும் தராதீர்கள். அதில் காற்றில் பிடித்த பாக்கெட்டுகளும் இருக்கும். ஸ்ட்ரீட் வியூ கார்கள் அப்படிப் பிறர் தகவலை அள்ளிவிட்டதாக 2010-ல் கூகுளே ஒப்புக்கொண்டு பல நாடுகளில் விசாரணையைச் சந்தித்தது.

பதிவை மேப்பாக மாற்றும்போது வேறொரு கோளாறும் நடக்கும். கே.எம்.எல். ஃபைலில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. மாற்றிப் போட்டால் கூடுவாஞ்சேரி, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். அது பரவாயில்லை, பார்த்ததும் சிரித்துத் திருத்திவிடலாம். ஆனால் ஜி.பி.எஸ். கருவி அட்சரேகையை 1250.70 என்று தருவது 12 டிகிரி 50.70 நிமிடம், அதாவது 12.845. அதை 12.5070 என்று படித்தால் புள்ளி சுமார் 37 கி.மீ. தெற்கே, செங்கல்பட்டையும் தாண்டி விழும். அங்கேயும் ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, தப்பென்றே தெரியாது. சரியாக விழுந்த புள்ளியும் சிக்னல் கிடைத்த தெருவைத்தான் காட்டும், ரவுட்டர் இருக்கும் வீட்டை அல்ல. அதை வைத்து எதிர்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

இன்று ராத்திரியே ரவுட்டர் செட்டிங்கைத் திறங்கள். பெயரிலிருந்து வீட்டு அடையாளத்தை எடுங்கள், வலுவான பாஸ்வேர்டு போடுங்கள். பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் 'நோமேப்' என்ற சொல்லும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேருங்கள். கூகுள் 2011 முதலும் ஆப்பிள் 2024 முதலும் அப்படி முடியும் பெயர்களைத் தங்கள் இருப்பிடப் பட்டியலில் சேர்ப்பதில்லை.