விமானம் இறங்கும்போது குழந்தை ஏன் வீறிடுகிறது?

வழியெல்லாம் சமர்த்தாக இருந்த குழந்தை, தரையிறங்கும் நேரத்தில் வீறிட்டு அழும். பசியா, பயமா? பெரும்பாலும் காதுவலிதான்.

ஏன்?

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோலப் பராமரிக்கப்படுகிறது. அதாவது, ஏறத்தாழ ஊட்டியின் காற்று. கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் திறந்தால்தான் இருபுறமும் சமமாகும். ஏறும்போது உள்காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போதோ, விழுங்கினால் அல்லது கொட்டாவி விட்டால்தான் குழல் திறக்கும். குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சட்டென்று அடைத்துக்கொள்ளும்.

எப்படிச் சமாளிப்பது?

தரைதொட ஏறக்குறைய அரைமணி நேரத்துக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கும். அப்போது, தூங்கும் குழந்தையை எழுப்பி, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். உறக்கத்தில் விழுங்குவது குறைவு. ஆறு மாதம் தாண்டியிருந்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். வளர்ந்த பிள்ளைக்கு விளையாட்டாகக் கொட்டாவி விடக் கற்றுக்கொடுங்கள். காதில் பஞ்சு அடைப்பதால் பயனில்லை. சளியோ காதில் தொற்றோ இருந்தால், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

பக்கத்து இருக்கைக் குழந்தை அழுதால் முகம் சுளிக்காதீர்கள். அதற்குக் காது வலிக்கிறது, சொல்லத் தெரியவில்லை.