உங்களுக்குத் தெரியுமா? கப்பல் எஞ்சினுக்குள்ளும் பனி மூட்டம்!

கப்பலின் பெரிய டீசல் எஞ்சினில் ஒரு பேரிங் அளவுக்கு மீறிச் சூடானால், அதன்மேல் படும் மசகு எண்ணெய் ஆவியாகிறது. சற்றுக் குளிர்ந்த இடத்தில் அந்த ஆவி வெண்பனியாகத் திரள்கிறது. கிராங்க் தண்டை மூடியிருக்கும் பெட்டியான கிராங்க் கேஸுக்குள், லிட்டர் காற்றுக்குச் சுமார் 50 மில்லிகிராம் சேர்ந்துவிட்டால் போதும், அதே சூடான பேரிங் அதைப் பற்றவைத்துவிடும்.

1947 செப்டம்பரில், வட அயர்லாந்துக் கரையோரக் கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்த ‘ரெய்னா டெல் பசிபிகோ’ கப்பலில் கிராங்க் கேஸ் வெடித்து 28 பேர் மாண்டார்கள். எத்தனை குடும்பங்களின் துயரம்!

எண்ணெய் அழுத்தம், குளிர்நீரின் வெப்பம் காட்டும் மீட்டர்களோடு, எண்ணெய்ப்பனியைக் கண்டறியும் கருவியும் இன்று கட்டுப்பாட்டு அறையின் பேனலில் இணைந்திருக்கிறது. கிராங்க் கேஸ் காற்றினூடே ஒளியைப் பாய்ச்சி, அது மங்கினால் அலாரம் அடிக்கும். வெடிக்கும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே அடிக்கும் என்பதுதான் இதன் அருமை. ஆள் நிற்காத எஞ்சின் அறைகளில், 2,250 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள எஞ்சின்களுக்கு இதுவோ, பேரிங் வெப்பத்தைக் கண்காணிக்கும் கருவியோ கட்டாயம்.

கடற்பணிக்குப் போகும் இளைஞர்களே, இந்த அலாரம் ஒலித்தால் எஞ்சின் வேகத்தைக் குறையுங்கள், விலகி நில்லுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் குறைந்தது 20 நிமிடம் ஆறும்வரை கிராங்க் கேஸ் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள்.