சயனைடுக்கு மாற்றாகத் தயோசல்பேட்டு: பொன் பிரித்தெடுப்பில் தாதுவின் பங்கு

தாதுவிலிருந்து பொன்னைச் சயனைடுக் கரைசலால் பிரிக்கும் முறைக்கு 1887இல் மக்கார்தரும் பாரஸ்ட் உடன்பிறந்தாரும் காப்புரிமை பெற்றனர். இன்றும் அதுவே பெருவழக்கு. 2000 சனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவுத் தேக்கத்தின் கரை உடைந்து, ஏறத்தாழ 1,00,000 கனமீட்டர் சயனைடு கலந்த நீர் டிசா ஆற்றின் வழியே டான்யூபை அடைந்தது. ஆயினும் பெருஞ்சுரங்கம் ஒன்று மாற்று முறையை ஏற்றதற்கு நச்சைப் பற்றிய அச்சத்தினும் தாதுவின் இயல்பே முதன்மைக் காரணமாயிற்று.

அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள கோல்டுஸ்ட்ரைக் சுரங்கத் தாதுவின் ஒரு பகுதியில் இயற்கைக் கரிமம் கலந்துள்ளது. சயனைடில் கரைந்த பொன்னை அக்கரிமம் மீண்டும் கவர்ந்துகொள்கிறது. தாதுவே பொன்னைத் திருடுகிறது எனலாம். ஒளிப்படக் கலைஞர் 'ஹைப்போ' என்றழைத்த உப்பின் இனத்தைச் சேர்ந்த தயோசல்பேட்டுடன் இணைந்த பொன்னோ கரிமத்தில் எளிதில் ஒட்டுவதில்லை. எனவே 2014இல் அங்குக் கால்சியம் தயோசல்பேட்டு பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த ஒட்டாமையே இடர்ப்பாடும் ஆகிறது. சயனைடு ஆலைகளில் பொன்னை ஈர்த்தெடுக்கும் கிளர்வூட்டிய கரி இங்கு உதவாது. அயனிப் பரிமாற்றப் பிசின் வேண்டும். தயோசல்பேட்டு எளிதில் சிதைவதால் மிகுதியாகவும் செலவாகிறது. வழக்கமான கலவையில் சேரும் செம்பு அயனியும் அம்மோனியாவும் மீன்களுக்குத் தீங்கானவை. ஆதலால் இம்முறையை 'நச்சற்றது' என்பது மிகைக்கூற்று. கரிமமில்லாத எளிய தாதுவுக்கு ஆலைகள் சயனைடையே நாடுகின்றன.